மண்ணுக்கும் உறைமோர் வேண்டும்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்)

பால் எவ்வளவு நல்ல பாலாயிருந்தாலும் உறைமோர் விடாமல் தயிராவதில்லை. இதை அறியாத வீடு நம் நாட்டில் இல்லை. ஆனால் நாற்றங்கால் என்றதும் நம் சிந்தனை தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்ற மூன்றோடு நின்றுவிடுகிறது. இது போதாது என்பதே என் கருத்து.

பைன் மரத்தின் கதையைக் கேளுங்கள். கரீபியன் கடலிலுள்ள போர்ட்டோ ரிக்கோ தீவில் பைன் வளர்க்கப் பல ஆண்டுகள் முயன்றார்கள். விதை முளைத்தது, நாற்று சில அங்குலம் வளர்ந்தது, பிறகு மஞ்சளாகிக் குன்றிப்போயிற்று. 1955-இல் அமெரிக்காவின் வட கரோலினாவிலிருந்து பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து இட்டனர். நாற்றுகள் தலைதூக்கின. மேற்கு ஆஸ்திரேலிய நாற்றங்கால்களும் 1920-களிலேயே இதே பாடத்தைக் கற்றிருந்தன.

அந்த மண்ணில் இருந்தது உரமன்று, பூஞ்சை. அது வேர் நுனியைப் போர்த்திக்கொண்டு, மெல்லிய இழைகளை மண்ணுக்குள் நெடுந்தூரம் ஓட்டி, வேர் எட்டாத இடத்து மணிச்சத்தையும் நீரையும் இழுத்துத் தருகிறது; கூலியாக மரத்திடம் சர்க்கரை பெறுகிறது. இந்த உறவுக்கு 1885-இல் ஃபிராங்க் என்ற ஜெர்மானியர் 'மைக்கோரைசா' என்று பெயரிட்டார். பூஞ்சை என்றாலே நோய் என்று பள்ளியில் படித்துவந்த எனக்கு இது பெரும் வியப்பாயிருந்தது.

இங்கேதான் நம் அவசரம் கெடுதல் செய்கிறது. மணிச்சத்தை அள்ளிக் கொட்டினால் வேர் பூஞ்சையை நாடுவதில்லை. சுண்ணாம்பு இட்டாலோ தீங்குதான்: பைனுக்கு 5 முதல் 6 வரை அமில நிலை உகந்தது, அதற்கு மேல் போனால் நாற்றழுகல் நோய் வலுக்கும். நச்சுப்புகை மூட்டி மண்ணைச் சுத்தம் செய்தால் பகைவனோடு நண்பனும் சாகிறான்.

காட்டு மண்ணைக் கொண்டுவந்தால் அதோடு நோயும் வராதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் காளானின் வித்துகளை மட்டும் எடுத்து விதையில் பூசும் முறை வந்தது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறொன்று. உறைமோர் கிடைத்துவிட்டது என்பதற்காக எங்கும் பைன் நடலாமா? நம் பழனி மலையில் பைன் நிற்கும் இடங்கள் பலவும் ஒருகாலத்தில் புல்வெளி. அங்கே பைன் தானாகவே பரவியும் வருகிறது. புதிதாக அங்கே நடுவதை நான் ஏற்க மாட்டேன்.

பைன் உரிய மண்ணான இமயமலைச் சரிவுகளின் நாற்றங்கால்களுக்கே என் யோசனை. உர மூட்டையைப் பிரிக்குமுன் ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். பூஞ்சை பிடித்த நுனி குட்டையாய்த் தடித்து, கவைகவையாய்ப் பிரிந்திருக்கும். அதைக் காண நுண்ணோக்கி கூட வேண்டாம்.