யாருடைய நிலத்தில் யாருடைய 'தகுதி'?

அமெரிக்காவின் 'நிலக்கொடை'ப் பல்கலைக்கழகங்கள் உழவர், தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கதவைத் திறந்தன என்று கொண்டாடுகிறார்கள். திறந்தது உண்மைதான். யாருக்கு?

1862இல் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டம் மாநிலங்களுக்கு நிலத்தை வாரி வழங்கியது. அதை விற்ற காசில்தான் இந்தக் கல்லூரிகள் எழுந்தன. அது என்ன, அரசின் பாட்டன் சொத்தா? ஏறத்தாழ 250 பழங்குடிகளிடமிருந்து போராலும் மோசடி ஒப்பந்தங்களாலும் பறித்த ஒரு கோடி ஏக்கருக்கு மேற்பட்ட நிலம். கொள்ளைக்குக் 'கொடை' என்று பெயர்!

கறுப்பின மாணவர்களைச் சேர்க்க மறுக்கும் மாநிலங்கள் அவர்களுக்குத் தனிக் கல்லூரி வைத்தால் போதும் என்றது 1890ஆம் ஆண்டுச் சட்டம். நம்மூர் இரட்டைக் குவளையேதான். நிதியை நியாயமாகப் பிரிக்கவும் சொன்னது. பிரித்தார்களா? 1987 முதல் 2020 வரை மட்டும், 16 மாநிலங்களில் கறுப்பினக் கல்லூரிகளுக்குச் சேராமல் போனது 1,200 கோடி டாலருக்கு மேல். 2023இல் இதைச் சொன்னது அமெரிக்க அரசே.

அதே ஆண்டில்தான், மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்ளக் கூடாது என்றது அந்நாட்டு உச்ச நீதிமன்றம். நிலத்தைப் பறிக்கும்போது இனம் பார்த்தார்கள். பணத்தைப் பிரிக்கும்போதும் இனம் பார்த்தார்கள். இடம் கேட்டால் மட்டும் 'தகுதி' பார்க்கிறார்கள்.

இட ஒதுக்கீடு என்றதும் இங்கே எழும் குரலும் இதுதான். தோழர்களே, 'தகுதி' பேசுபவரிடம் முதலில் கணக்குக் கேளுங்கள்.