கண்ணை மூடினால் பிழை தெரியுமா?

நெருக்கடியில் ஒரு தலைவர் சற்று ஒதுங்கி, மூச்சை இழுத்துவிட்டுத் தனக்குள் பார்த்தால் போதுமாம், தன் குறை தெரிந்துவிடுமாம். பெங்களூரில் இதற்கென்றே பயிலரங்குகள் நடக்கின்றன, கட்டணமும் லேசுப்பட்டதல்ல.

அதே பெங்களூரின் பீன்யாவுக்கு வாருங்கள். 2019 செப்டம்பர் 7 அதிகாலை, இஸ்ரோ மையத்தில், நிலவில் இறங்கிக்கொண்டிருந்த சந்திரயான்-2இன் விக்ரம் லேண்டரின் சிக்னல் நின்றது. விடிந்ததும் இஸ்ரோவின் அன்றைய தலைவர் சிவன் கண்கலங்கியதை நாடே பார்த்தது. அதில் தவறில்லை. ஆனால் பிழையைக் காட்டியது அந்தக் கண்ணீரல்ல, தரவுகள். என்ஜின்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக உந்தியிருந்தன; லேண்டர் திரும்பும் வேகத்துக்கு மென்பொருளே கடிவாளம் போட்டிருந்தது; இறங்குமிடமோ 500 மீட்டர் சதுரம். எதெல்லாம் கெடலாம் என்று கேட்டே சந்திரயான்-3 வடிவமைக்கப்பட்டது. இறங்குமிடம் 4க்கு 2.4 கிலோமீட்டராக விரிந்தது. 2023 ஆகஸ்ட் 23, தரையிறங்கிற்று.

'அது இயந்திரம், மனம் வேறு' என்பீர்கள். சரி, மனத்துக்கே வருவோம். 1979 ஆகஸ்ட் 10, எஸ்எல்வி-3 ராக்கெட் கடலில் விழுந்தது. பத்திரிகையாளர்கள் முன் பொறுப்பேற்றவர் திட்ட இயக்குநர் அப்துல் கலாம் அல்ல, அன்றைய இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். கணினி நிறுத்தச் சொல்லியும் ஏவச் சொன்னது தான்தான் என்று கலாம் பின்னாளில் மேடைகளில் மறைக்காமல் சொன்னார். அந்தத் தெம்பைக் கொடுத்தது தியானமா, தவானா?