சாயத்துக்குப் போன துணி

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சுவரில் ஒட்டிய அட்டவணை அழகாகத்தான் இருக்கும்: நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று வரிசையாகத் தேதிகள். சாயப்பட்டறையிலிருந்து துணி இரண்டு நாள் பிந்தினால் அத்தனையும் வெறும் காகிதம். டெய்லர்கள் மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் ஷிப்மெண்டுக்கு முந்தின ராத்திரி விடிய விடியத் தையல். எலியாஹு கோல்ட்ராட்டும் ஜெஃப் காக்ஸும் 1984-லேயே ‘தி கோல்’ நாவலில் சொன்னதுதான்: வேலை எங்கே அடைபடுகிறதோ, அந்த இடத்தை வைத்தே மற்றதற்கெல்லாம் நாள் குறிக்க வேண்டும். (நாவலாக எழுதியதால்தான் முதலாளிகள் படித்தார்களோ என்னவோ.) தையலுக்குத் தேதி போடுமுன் சாயப்பட்டறைக்கு ஒரு போன் போடுங்கள், ஷேட் சேராமல் மறுசாயத்துக்குப் போனால் ஆகும் நாளையும் சேர்த்தே எழுதுங்கள்.