ஏட்டில் ஏறாத அறிவு

அரச நிறுவனங்களின் கணக்குப் பகுதி பொதுமக்கள் கண்ணுக்கு எளிதிற் புலப்படாத ஓரிடம். ஆயினும், ஆசிரியரின் சம்பள நிலுவையும், இளைப்பாறியோரின் ஓய்வூதியமும், பாடசாலைக் கட்டடத்துக்கான கொடுப்பனவும் அவ்விடத்தைக் கடந்தே வருதல் வேண்டும். அங்கு நேரும் தாமதம் எங்கோ ஒரு வீட்டின் அடுப்பைத் தொடுகின்றது. அதற்கு ஆட்குறையையும் பணக்குறையையும் காரணமாகக் கூறுவர். அறிவைப் பேணாமையே அவற்றினும் பெரிய காரணம் என்பது நம் கருத்து. அறிவைப் பேணும் அம்முறையையே இக்காலத்தார் அறிவு முகாமைத்துவம் என்பர்.

கணக்குப் பகுதியின் அறிவு இருவகைத்து. ஒன்று ஏட்டில் உள்ளது. 1992 ஆம் ஆண்டின் நிதிப் பிரமாணங்களும் திறைசேரிச் சுற்றுநிருபங்களும் அத்தகையன. மற்றையது ஊழியரின் நெஞ்சில் உள்ளது. எந்தச் சுற்றுநிருபம் எதனால் மாற்றப்பட்டது, வங்கிக் கணக்கோடு பல மாதமாகப் பொருந்தாத தொகை எங்கே தோன்றியது, கணக்காய்வு ஐயவினாவுக்கு முன்னர் எவ்வாறு விடையளிக்கப்பட்டது என்பன இவ்வகையின. முன்னையது அச்சிற் கிடைக்கும். பின்னையது ஆளோடு போய்விடும்.

போவதற்கு இடமாற்றம் ஒரு வழி. இளைப்பாறுதல் மற்றொரு வழி. 2022 ஆம் ஆண்டு மார்கழி 31 ஆம் நாள், அரசின் தீர்மானத்தின்படி, 60 வயதைக் கடந்த அரச ஊழியருள் பெருந்தொகையினர் ஒருங்கே இளைப்பாறினர். அவர்கள் விட்டுச்சென்ற நாற்காலிகளை எண்ணியவர் உளர். கொண்டுசென்ற அறிவை எண்ணியவர் எவர்?

கணினி வந்தபின் இக்கவலை எதற்கு என்பாரும் உளர். கணினி தொகையைப் பிழையின்றிக் கூட்டும். அத்தொகை ஏன் அந்தச் செலவுத் தலைப்பிற் பதியப்பட்டது என்பதை, எவரேனும் எழுதி வைத்தாலன்றி, அது சொல்லாது. இன்னும் சிலர், தமக்கு மாத்திரம் தெரிந்திருப்பதே தமக்கு மதிப்பு என எண்ணி வாய்திறவார். அத்தகையவர் விடுமுறையில் நின்றால் அலுவலும் நின்றுவிடும். அதனைத் திறமை எனப் புகழ்தல் தகாது. ஒருவர்க்கே விளங்கும் கணக்கை மற்றொருவர் சரிபார்த்தல் அரிது. தவறும் மோசடியும் ஒளிந்திருக்க அதுவே இடமாகும்.

தமிழ் கற்பிக்கும் நமக்கு இவ்வுண்மை புதியதன்று. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) சென்னையில் அரசாங்கக் கணக்குத் துறையில் அலுவல் பார்த்தவர். அவரே பழைய ஏடுகளைத் தேடித் தொகுத்து, ஒப்புநோக்கி, 1887 இல் கலித்தொகையை அச்சேற்றினார். பெயர்த்தெழுதுவாரின்றி அழிந்த நூல்கள் பல; எழுதிப் பேணப்பட்டவையே நம் கைக்கு வந்தன. ஏட்டுக்குப் பொருந்துவது பேரேட்டுக்கும் பொருந்தும்.

செய்ய வேண்டுவன மூன்று. ஒவ்வொரு கடமைக்கும் ஒரு குறிப்பேடு வைத்து, செய்யும் முறையோடு அதன் காரணத்தையும் எழுதுதல் வேண்டும். பொறுப்பைக் கையளிப்போர், பொருட் பட்டியலோடு முடிவுறாத விடயங்களின் பட்டியலையும் கையளித்தல் வேண்டும். கணக்காய்வு ஐயவினாக்களையும் விடைகளையும் பொருள்வாரியாக ஒரே கோவையிற் சேர்த்துப் புதியவர்க்குப் படிக்கக் கொடுத்தல் வேண்டும். இவற்றுக்குப் பெருஞ்செலவில்லை, ஆனால், மேலதிகாரி இதனையும் கடமையாக மதித்து நேரம் ஒதுக்காவிடின் ஒன்றும் நடவாது.

நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் அரச அலுவலகங்களிற் கணக்காளராயும் இலிகிதராயும் விளங்குகின்றனர். கற்றதைக் கொடுத்துச் செல்லுதல் ஆசிரியர்க்கு மாத்திரம் உரிய அறமன்று. அவர்களை நாம் வேண்டுவது ஒன்றே: மேசையை விட்டு எழுமுன், அடுத்து அமர்பவருக்காக ஒரு பக்கமேனும் எழுதி வையுங்கள்.