செருப்பைக் கழற்றிய துறவி

அயல் நாடுகளுக்கு யாத்திரை செல்வோர் பிற மதத்தாரின் ஆலயங்களைப் பார்க்கும் விதம் பலவகைப்படும். சிலர் தூண்களை எண்ணுவார்கள். சிலையின் உயரத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். புகைப்படம் ஒன்று பிடித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடுவார்கள். வேறு சிலர், வாசற்படியை மிதிப்பதற்கு முன்பே தீர்ப்பை எழுதி முடித்துவிட்டு, அதற்குச் சாட்சியம் தேடுவதற்காக மட்டும் உள்ளே நுழைவார்கள். அங்கே தொழுகின்றவர்கள் எதைக் கண்டு தொழுகிறார்கள் என்று அறிய விரும்பி நிற்பவர்கள் மிகச் சிலரே. இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவத் துறவியைப் பற்றி இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

அதற்கு முன், இரண்டாம் வகைக்கு ஓர் உதாரணம் காட்டுவது பொருத்தமாயிருக்கும். 1819-ஆம் ஆண்டில் ரெஜினால்டு ஹீபர் என்னும் ஆங்கிலப் பாதிரியார், கடல் கடந்த நாடுகளில் நடைபெறும் சமயப் பிரசாரத்துக்குப் பொருள் திரட்டும் பொருட்டு ஒரு கீதம் இயற்றினார். இலங்கைத் தீவின் நறுமணக் காற்றையும் இயற்கை வனப்பையும் அதில் மெச்சினார். அங்கு வாழும் மனிதனை மட்டும் இகழ்ந்தார். கல்லையும் மரத்தையும் கும்பிடுகிறவர்கள் கண்ணிருந்தும் குருடர்கள் என்பது அவருடைய கட்சி. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கீதத்தை எழுதியபோது அவர் இலங்கையைக் கண்ணால் கண்டதே கிடையாது! காந்தியடிகள் இந்த வரிகளைக் குறித்துத் தம் மனவருத்தத்தை வெளியிட்டதுண்டு.

ஹீபர் தீய மனிதரல்லர். பின்னர் கல்கத்தாவின் அத்தியட்சராக இந்தியாவுக்கு வந்தார். 1825-இல் இலங்கைக்குச் சென்றார். 1826-இல் தஞ்சைக்கு வந்து சரபோஜி மன்னரைச் சந்தித்து, அவருடைய கல்விச் சிறப்பைக் கண்டு வியந்தார். அவ்வாண்டு ஏப்ரல் 3-ஆம் தேதி திருச்சிராப்பள்ளியில் காலமானார். நேரில் கண்டபின் அவர் எழுதிய யாத்திரைக் குறிப்புகளைப் படித்தவர்கள் சிலர். காணாமல் எழுதிய கீதத்தையோ நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தேவாலயங்களில் பாடிக்கொண்டிருந்தார்கள். கேட்டதை நம்புவது எளிது. போய்ப் பார்ப்பதற்குத்தான் சிரமம் வேண்டியிருக்கிறது.

இனி நமது துறவியிடம் வருவோம். அவர் பெயர் தாமஸ் மெர்ட்டன். 1915-இல் பிரான்ஸ் தேசத்தில் பிறந்தவர். தந்தை நியூஸிலாந்திலிருந்து வந்த ஓவியர். தாயார் அமெரிக்க மாது. ஆறு வயதில் தாயையும், பதினாறு நிறைவதற்கு முன் தந்தையையும் இழந்தார். நியூயார்க் நகரத்துக் கொலம்பியா சர்வகலாசாலையில் படித்த காலத்தில், மகாநாம விரத பிரமசாரி என்ற வங்காளத்து வைஷ்ணவ சாதுவின் நட்பு அவருக்குக் கிட்டியது. சாது தமது மதத்துக்கு அந்த இளைஞரை இழுக்க முற்படவில்லை. கிறிஸ்தவர்களிடத்திலேயே அரிய ஞான நூல்கள் இருக்கின்றன என்று கூறி, அர்ச். அகஸ்டீன் தம் வாழ்க்கையைப் பற்றி எழுதிய நூலையும், ‘கிறிஸ்துநாதர் அநுசாரம்’ என்ற நூலையும் படிக்கும்படி சொன்னார். இந்த இரண்டாவது நூலின் சில அதிகாரங்களைத்தான் சுவாமி விவேகானந்தர் இளமையில் வங்காளியில் மொழிபெயர்த்தார் என்பதை இங்கே நினைவூட்டலாம். ஹிந்து சாது காட்டிய வழியில் போன மெர்ட்டன், 1938-இல் கத்தோலிக்கராக ஞானஸ்நானம் பெற்றார். 1941-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி, கெண்டக்கி மாகாணத்திலுள்ள கெத்செமனி மடத்தில் சேர்ந்தார். மௌனமும் உடலுழைப்பும் இடையறாத ஜெபமும் விதியாக உள்ள டிராப்பிஸ்ட் துறவிகளின் மடம் அது.

1948-இல் வெளிவந்த அவருடைய சுயசரிதை லட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. அதில் கீழை நாட்டு மதங்களைப் பற்றி அவர் எழுதியிருப்பதில் இளமைக்குரிய அவசரமும் சற்று அலட்சியமும் தென்படும். ஆனால் வருஷங்கள் செல்லச் செல்ல, ஜெபம் ஆழ ஆழ, அந்த அலட்சியம் கரைந்துபோயிற்று. பௌத்த நூல்களை ஆர்வத்தோடு கற்றார். 1965-இல், அஹிம்சையைப் பற்றிக் காந்திஜி எழுதியவற்றிலிருந்து ஒரு தொகுப்பு நூலை முன்னுரையுடன் வெளியிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் வத்திக்கான் திருச்சங்கமும், பிற மதங்களில் உண்மையாகவும் புனிதமாகவும் உள்ள எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று பிரகடனம் செய்தது.

இருபத்தேழு ஆண்டுகள் மடத்தில் வாழ்ந்த அந்த மனிதர், 1968 அக்டோபரில் ஆசியாவுக்குப் புறப்பட்டார். கல்கத்தாவில் இறங்கினார், தர்மசாலாவில் தலாய் லாமாவை மூன்று முறை சந்தித்து, தியானத்தைப் பற்றியும் துறவு வாழ்க்கையைப் பற்றியும் உரையாடினார். சென்னைக்கு வந்து பரங்கிமலைக் கோயிலையும் மாமல்லபுரத்தையும் பார்த்தார். பிறகு இலங்கைக்குச் சென்று, டிசம்பர் மாதத் தொடக்கத்தில் பொலன்னறுவையை அடைந்தார்.

பொலன்னறுவையின் வடபுறத்தில் கல் விகாரை இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னன் செய்வித்தது. நீண்டு கிடக்கும் ஒரே கற்பாறையின் முகத்தில் நான்கு உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். தியானத்தில் அமர்ந்த புத்தர் ஒருவர். பாறையைக் குடைந்த சிறு குகைக்குள் மற்றொருவர். ஏறக்குறைய 23 அடி உயரத்தில், மார்பின்மீது கைகளை மடித்து நிற்கும் உருவம் ஒன்று. அதன் பக்கத்தில், 46 அடி நீளத்தில், பரிநிர்வாணம் அடையும் பெருமான். நிற்பவர் ஆசானின் பிரிவுக்கு வருந்தும் ஆனந்தர் என்பர் சிலர். புத்தரே என்பர் வேறு சிலர். மெர்ட்டன் அவரை ஆனந்தராகவே கருதினார். துயிலும் பெருமானின் தலையணை சற்றே அழுந்தியிருப்பதைக் கருங்கல்லில் காட்டியிருக்கும் சிற்பியின் திறமையை என்னென்று சொல்வது!

அது வடகிழக்குப் பருவமழைக் காலம். மெர்ட்டனுடன் கண்டியிலிருந்து வந்த குருமுதல்வர், புறச்சமயத்தாரின் விக்கிரகங்களுக்கு அருகில் போகக் கூசி, ஒரு மரத்தடியில் அமர்ந்து வழிகாட்டிப் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டார். மெர்ட்டன் செருப்பைக் கழற்றினார். ஈரப் புல்லிலும் ஈர மணலிலும் வெறுங்காலுடன் நடந்து, அந்தத் திருமுகங்களின் எதிரே போய் நின்றார்.

அப்போது அவர் உள்ளத்தில் நிகழ்ந்ததை, அவசரப்பட்டு எழுதிவிட மனமில்லாமல், சில தினங்கள் கழித்தே தம் நாட்குறிப்பில் எழுதினார். அம்முகங்களின் மௌனமும் புன்னகையும் தம்மை ஆட்கொண்டன என்கிறார். யாரையும் மறுக்காமல், யாரோடும் வாதாடாமல், எல்லாக் கேள்விகளையும் கடந்து நிற்கும் சாந்தியை அங்கே கண்டதாகவும், தாம் இத்தனை காலம் தெளிவில்லாமல் தேடிக்கொண்டிருந்ததைக் கண்டுகொண்டதாகவும் எழுதியிருக்கிறார். 1973-இல் அவருடைய ஆசிய நாட்குறிப்பு அச்சேறியதிலிருந்து, அந்தச் சில பக்கங்களைப் பற்றி அறிஞர்கள் எழுதிய பக்கங்கள் ஏராளம்.

இதைப் படிக்கும் சிலருக்கு ஒரு சந்தேகம் தோன்றலாம். “அப்படியானால் அவர் பௌத்தராகிவிட்டாரா?” என்று கேட்கக்கூடும். இல்லை. கிறிஸ்தவத் துறவியாகவே அங்கு போனார், அவ்வாறே திரும்பினார். பத்துக் கட்டளைகளைச் சிறு வயதுப் பிள்ளைக்கும் போதிக்கத் தெரிந்த குரு அவர். விக்கிரகங்களைப் பற்றி வேதாகமம் சொல்வதை அறியாதவர் அல்லர். ஆனால் அதே வேதாகமத்தில், எரியும் முட்செடியை நெருங்கிய மோசேயிடம், நிற்கும் இடம் புனிதமானது, காலணியைக் கழற்று என்று கட்டளை பிறக்கிறதே, அதையும் அவர் அறிந்திருந்தார். வெறுங்காலுடன் நடந்ததில் அவர் தம் மதத்தை விட்டுக்கொடுக்கவில்லை. தம் மதம் கற்பித்த பணிவையே கடைப்பிடித்தார் என்பது நமது அபிப்பிராயம். நம் நாட்டுக் கிறிஸ்தவர்களில் பலர் இன்றும் தேவாலய வாயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே செல்வதைக் காண்கிறோம். அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எம்மிடம் படித்த மாணவன் ஒருவன் முன்பு ஒரு நாள், “ஐயா, வேறு மதத்தார் கோயிலுக்குள் போனால் நம்ம சாமி கோபித்துக்கொள்ளுமா?” என்று கேட்டான். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அது சிரிப்பதற்குரிய கேள்வியன்று. பெரியவர்கள் பலர் மனத்தில் வைத்துக்கொண்டு வெளியே கேட்காத கேள்வி. இதற்கு, “எல்லா மதமும் ஒன்றுதானப்பா, போய் வா” என்று பதில் சொல்லிவிடலாம். அது நல்லெண்ணமுள்ள பதில். ஆனால் சோம்பேறிப் பதில். எல்லாம் ஒன்றென்றால், எதையும் உற்றுப் பார்க்கவேண்டிய அவசியம் இல்லாமற் போகிறது. படைத்த கடவுளைப் பற்றிப் புத்தர் பிரசங்கிக்கவில்லை. நிலையான ஆன்மா உண்டென்பதையும் பௌத்தம் ஒப்புவதில்லை. கிறிஸ்தவனுக்கோ இவ்விரண்டும் இல்லாமல் சமயமே இல்லை. சிலுவையில் வருந்தும் உருவமும், புன்னகையுடன் கண் மூடும் உருவமும் ஒன்றையே சொல்கின்றன என்று அவசரமாகத் தீர்ப்பளித்தால், இரண்டையுமே நாம் கேட்கவில்லை என்று அர்த்தம். இந்த வேற்றுமைகளையெல்லாம் மெர்ட்டன் படித்தறிந்திருந்தார். அறிந்தும் வணக்கத்தோடு நின்றாரே, அதுதான் அருமை. தம் வீட்டு அஸ்திவாரம் உறுதியானது என்று அறிந்தவன், அடுத்த வீட்டு மாளிகையைப் புகழ அஞ்ச மாட்டான்.

தமிழர்களாகிய நமக்கு இந்தக் கதையில் ஒரு சோதனையும் இருக்கிறது. பொலன்னறுவை நமக்கு அந்நிய ஊரன்று. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் இராஜராஜ சோழனின் படை அநுராதபுரத்தைப் பாழாக்கிற்று. பொலன்னறுவை ஜனநாதமங்கலம் என்ற பெயருடன் சோழர்களின் தலைநகராயிற்று. 1070-இல் விஜயபாகு மன்னன் அதை மீட்டான். சோழர் கட்டிய வானவன்மாதேவீச்சரம் இன்றும் அங்கே நிற்கிறது. இதே இராஜராஜன்தான் நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரைக்கு ஆனைமங்கலம் என்ற கிராமத்தையே தானமாகக் கொடுத்தான் என்பதும் சரித்திரம். ஒரே கை இடித்தது. ஒரே கை கொடுத்தது.

நமது காலத்துச் சரித்திரமோ இன்னும் கசப்பானது. 1983 முதல் 2009 வரை அத்தீவில் நடந்த யுத்தத்தில் தமிழ் மக்கள் பட்ட துயரத்தை மறந்துவிடும்படி யாருக்கும் நாம் உபதேசிக்கமாட்டோம். அந்த ஆண்டுகளில் எந்த மதத்தின் ஆலயமும் தப்பவில்லை. 1985-இல் அநுராதபுரத்துப் போதி மரத்தடியில் யாத்திரிகர்கள் சுடப்பட்டார்கள். 1990-இல் காத்தான்குடியில் தொழுகையிலிருந்த முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். 1995-இல் நவாலி தேவாலயத்தில் தஞ்சம் புகுந்த தமிழர்கள் விமானக் குண்டுகளுக்கு இரையானார்கள். 1998-இல் கண்டி தலதா மாளிகை வாயிலில் குண்டு வெடித்தது. யுத்தம் ஓய்ந்த பிறகும், 2019-இல், ஈஸ்டர் தினத்தன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தன. கல் விகாரையின் புன்னகை இவற்றில் ஒன்றையும் தடுக்கவில்லை. கல்லால் தடுக்க முடியாது. பார்க்கிறவர்கள் பார்த்தபடி நடந்தால்தான் உண்டு. அந்தச் சிலையின் பெயரால் கொடுமை செய்தவர்களையும், அந்தச் சிலையையும் நம்மால் பிரித்துப் பார்க்க முடியுமா? நம்முடைய கோயிலின் பெயரால் பிறர் நம்மைப் பற்றிச் சொல்லும் குறைகளுக்கும் இதே நியாயத்தைத்தானே நாம் கோருகிறோம்?

பொலன்னறுவையை விட்டுச் சென்ற மெர்ட்டன் நெடுநாள் வாழவில்லை. 1968 டிசம்பர் 10-ஆம் தேதி, பாங்காக் நகரை அடுத்து நடந்த துறவிகள் மகாநாட்டில் காலையில் பேசினார். பிற்பகல் தம் அறையில், மின்விசிறியிலிருந்து மின்சாரம் தாக்கி உயிர்நீத்தார். மடத்தில் சேர்ந்து இருபத்தேழு ஆண்டுகள் அன்றோடு நிறைந்தன. வியட்நாம் போரைக் கண்டித்து எழுதிய அவருடைய உடலை, அப்போரில் மாண்ட சிப்பாய்களின் உடல்களோடு ஒரே இராணுவ விமானத்தில் ஏற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். 1996-இல் தலாய் லாமா கெத்செமனி மடத்துக்கு வந்து, அந்த எளிய கல்லறையின் முன் நின்று பிரார்த்தனை செய்தார். கிறிஸ்தவத்தின் உள்ளொளியைத் தமக்கு முதன்முதலில் உணர்த்தியவர் மெர்ட்டனே என்று அவர் கூறியிருக்கிறார். பௌத்தரின் விகாரையில் ஒரு கிறிஸ்தவர் நின்றார். கிறிஸ்தவரின் கல்லறையில் ஒரு பௌத்தர் நின்றார். இருவரில் ஒருவரும் மதம் மாறவில்லை.

அடுத்த விடுமுறையில் வெளியூர் போகும் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வழியில் பிற மதத்தாரின் ஆலயம் ஏதேனும் தென்பட்டால், அவர்கள் அனுமதிப்பார்களாயின், குழந்தைகளை உள்ளே அழைத்துச் செல்லுங்கள். அங்கே என்ன வழக்கமோ அதைப் பின்பற்றச் சொல்லுங்கள். சிலையின் உயரத்தைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். முதலில் சற்று நேரம் பேசாமல் நிற்கட்டும். வீடு திரும்பியதும் அவர்கள் கேள்வி கேட்பார்கள். அப்போது, நம் சமயத்தைப் பற்றி நாமே எவ்வளவு அறிந்திருக்கிறோம் என்பதும் தெரிந்துவிடும்.