முகவரி இல்லாத 3,600 பேர்

ஒன்றிய சுகாதாரத்துறைச் செயலாளர் அவர்களுக்கு,

டீபியூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். செயற்கை இடுப்பு மூட்டு பற்றி விசாரிக்க உங்கள் அமைச்சகம் அமைத்த நிபுணர் குழு 2018-இல் அறிக்கை தந்தது. இந்தியாவில் ஏறத்தாழ 4,700 அறுவைகளில் அந்த மூட்டு பொருத்தப்பட்டிருந்தது. சுமார் 3,600 நோயாளிகளைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஒருவருக்குக் குறைந்தது 20 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது குழு. ஆள் எங்கே என்றே தெரியாமல் யாரிடம் கொடுப்பது?

உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டு அது. கோபால்ட், குரோமியம் துகள்கள் சுற்றியுள்ள தசையிலும் இரத்தத்திலும் கலந்தன. உலகெங்கும் அது திரும்பப் பெறப்பட்டது 2010 ஆகஸ்டில். ஆஸ்திரேலியாவில் 2009-லேயே விற்பனை நின்றுவிட்டது. அங்கே 1999 முதல் தேசிய மூட்டுப் பதிவேடு இருந்ததே காரணம். வலி தீராத நோயாளி பல நேரம் பழைய மருத்துவரிடம் திரும்புவதில்லை. வேறு ஊரில் வேறொருவரைப் பார்த்து மறு அறுவை செய்துகொள்கிறார். முதல் மருத்துவரோ, எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், தன் நோயாளி நலமாக இருப்பதாகவே நம்பிக்கொண்டிருப்பார். இரண்டு மருத்துவமனைகளின் கணக்கையும் ஒரே ஆளின் பெயரில் சேர்த்துப் பார்க்கும் பதிவேட்டுக்குத்தான் உண்மை தெரியும். இங்கிலாந்து, வேல்ஸ் பதிவேடும் அப்படித்தான் கண்டுபிடித்தது: ஐந்தே ஆண்டுகளில் 100 பேரில் 12, 13 பேருக்கு அந்த மூட்டை மாற்ற வேண்டியிருந்தது.

நம் எலும்பு மருத்துவர்களும் தாமாக முன்வந்து ஒரு பதிவேடு நடத்துகிறார்கள். அவர்களை மதிக்கிறேன். ஆனால் விருப்பப்பட்டவர் அனுப்பும் விவரத்தில், அனுப்பாதவரின் நோயாளி இருக்கமாட்டார். ஆராய்ச்சிகளிலும் இதே ஓட்டைதான். ஆறாம் மாத ரிவ்யூவுக்கு வந்தவர்களை மட்டும் எண்ணி, சிகிச்சை பலித்தது என்று எழுதிவிடுகிறோம். வராதவர் குணமாகி வேலைக்குப் போயிருக்கலாம், படுத்த படுக்கையாகவும் இருக்கலாம். பஸ்ஸுக்குக் காசில்லாமல் ஒரு நாள் கூலியை விடமுடியாமல் நின்றுபோனவராகவும் இருக்கலாம். முதலில் தேடவேண்டியது அவரைத்தான்.

பின்னால் தேடுவது மட்டும் போதாது. கத்தி படுமுன் நோயாளி எப்படி இருந்தார் என்பது எழுதப்படாவிட்டால், பிறகு எதனோடு ஒப்பிடுவது? இங்கிலாந்தில் 2009 முதல் இடுப்பு மூட்டு அறுவைக்கு முன்பும், ஆறு மாதம் கழித்தும் நோயாளியிடமே 12 கேள்விகள் கேட்கிறார்கள். மொத்தம் 48 புள்ளி. படி ஏற முடிகிறதா, காலுறை மாட்ட முடிகிறதா, இரவில் வலி எழுப்புகிறதா என்பதுபோல எளிய கேள்விகள். நம் மக்களிடம் தரையில் உட்கார்ந்து எழமுடிகிறதா என்றும் கேட்கவேண்டும். எக்ஸ்ரேயில் மூட்டு அழகாகத் தெரிந்தாலும், அறுவை செய்துகொண்ட அம்மாவால் எழுந்து கழிப்பறைக்குப் போகமுடியாவிட்டால் அறுவை முழுதாகப் பலிக்கவில்லை.

ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் மூட்டு மாற்றுக்கு அரசே பணம் தருகிறது. மூட்டின் தொகுதி எண்ணும் அறுவைக்கு முந்தைய கேள்வித்தாளும் இல்லாத பில்லுக்கு அனுமதி தராதீர்கள். ஆறாம் மாதமும், அதன்பின் ஆண்டுதோறும் நோயாளியைத் தொடர்பு கொள்ளத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். போனில் கிடைக்காதவரைத் தேடிப்போக ஆஷா பணியாளர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துப் பெண்கள் 2021 முதல் வீடு வீடாகப் போகிறார்கள். கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊதியம் கொடுங்கள். நோயாளியின் சம்மதத்தையும் அவர் மொழியில் விளக்கிச் சொல்லியே வாங்குங்கள்.

இன்னொன்று. மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிப்படி உள்நோயாளி ஆவணங்களை மூன்று ஆண்டு வைத்திருந்தால் போதும். செயற்கை மூட்டோ உடம்புக்குள் பதினைந்து, இருபது ஆண்டுகள் இருக்கிறது. உள்ளே வைத்த பொருள் இருக்கும்வரை அதன் கேஸ் ஷீட்டும் இருக்கவேண்டும் என்று விதியைத் திருத்துங்கள். பழைய தியேட்டர் பதிவேடுகள் எங்காவது மிஞ்சியிருந்தால், எடைக்குப் போகுமுன் அவற்றைப் புரட்டி அந்த 3,600 பேரைத் தேட இந்த மாதமே உத்தரவிடுங்கள்.