கேள்வி கேட்காத கடை

ஊர் அடங்கும் நேரத்தில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கல்லாவை எண்ணத் தொடங்கியிருக்கும் மருந்துக்கடையின் முன்னே, மற்ற வாடிக்கைக்காரர்கள் போகட்டும் என்று, தலைவலி மாத்திரைக்கு வந்தவர் போலப் பாவனை செய்துகொண்டு ஒதுங்கி நிற்கும் மனிதர் ஒருவரை நம்மில் பலரும் கண்டிருக்கக்கூடும். அவர் கடைக்காரரின் பக்கம் குனிந்து, ‘வீட்டில் நாள் தள்ளிப் போயிருக்கிறது’ என்று மட்டும் சொல்கிறார். கடைக்காரரும், எத்தனை நாள் என்பதற்குமேல் ஒரு வார்த்தை கேளாமல், ஒரு சிறு அட்டையைப் பழைய தினசரித் தாளில் சுற்றிக் கொடுத்து, அச்சிட்ட விலைக்குமேல் ஒரு தொகையை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். பில் கிடையாது. அந்த மாத்திரையை விழுங்கப் போகிறவளோ எங்கோ ஓர் அடுப்படியில் இருக்கிறாள். அவளுடைய கர்ப்பம் எத்தனை வாரம், அது கர்ப்பப்பையில்தான் தங்கியிருக்கிறதா, அவள் உடம்பில் ரத்தம் எவ்வளவு என்று பார்த்தவர் ஒருவரும் இல்லை.

கடைக்காரரைப் பேராசைக்காரர் என்றும், வாங்கியவரைப் பொறுப்பற்றவர் என்றும் வைதுவிட்டு நகர்வது சுலபம். ஆயினும், தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் ஆராய்ந்து, 2015ஆம் ஆண்டில் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் சுமார் 1 கோடியே 56 லட்சம் என்றும், அவற்றில் ஏறக்குறைய 73 சதவீதம் ஆஸ்பத்திரிக்கு வெளியே, மாத்திரையாலேயே நடந்தவை என்றும் மதிப்பிட்ட ஆய்வு ‘லான்செட்’ குழுமத்தின் சஞ்சிகையில் வெளிவந்திருக்கும்போது, இதைச் சில தனி மனிதர்களின் துர்க்குணம் என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது. இத்தனை பேர் வைத்தியர் வாசலைத் தாண்டிக் கடைவாசலுக்குப் போகிறார்கள் என்றால், பழுது வைத்தியர் வாசலில்தான் இருக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

சட்டம் இவ்விஷயத்தில் நம் மனங்களைவிட வெகுதூரம் முன்னே போய்விட்டது. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் கருக்கலைப்பைக் குற்றமென்று வைத்தது. அந்தப் பயத்தாலே எருக்கங்குச்சியிலும் கைநாட்டு வைத்தியத்திலும் உயிர்விட்ட ஸ்திரீகளின் கதியைக் காணச் சகியாமல், 1964இல் சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டு, அதன் யோசனையின் பேரில் 1971இல் மருத்துவரீதியான கருக்கலைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. கருக்கலைப்புக்கான இரண்டு மருந்துகளில் முதலாவதான மிஃபெப்ரிஸ்டோனுக்கு 2002இலும், அதையும் இரண்டாவதான மிஸோப்ரோஸ்டாலையும் ஒரே அட்டையில் சேர்த்து விற்பதற்கு 2008இலும் அனுமதி கிடைத்தன. 2021ஆம் ஆண்டுத் திருத்தமோ ‘கணவன்’ என்றிருந்த இடத்தில் ‘துணைவர்’ என்று எழுதியது. மறு ஆண்டு செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, மணமாகாத பெண்ணுக்கும் இச்சட்டத்தின் பாதுகாப்பு உண்டென்று தீர்ப்பளித்தது. பதினெட்டு வயது நிரம்பிய பெண் தானே கையெழுத்திட்டால் போதும். புருஷன், மாமியார், தகப்பனார் ஆகிய எவருடைய கையெழுத்தையும் சட்டம் கேட்கவில்லை.

ஆனால், ஒரு நுட்பத்தை இங்கே மறைக்கலாகாது. ‘எனக்கு வேண்டாம்’ என்று பெண் சொல்வது ஒன்றே போதும் என்று நம் சட்டம் எங்கும் சொல்லவில்லை. கர்ப்பம் தொடர்ந்தால் அவளுடைய உடலுக்கோ மனத்துக்கோ கடும் கேடு நேரும் என்று பதிவுபெற்ற வைத்தியர் ஒருவர் நல்லெண்ணத்துடன் அபிப்பிராயப்படவேண்டும். கருத்தடைச் சாதனம் தவறிப்போன இடத்தில் அந்தக் கேட்டைச் சட்டமே அனுமானித்துக்கொள்கிறது. ஆகவே, சாவி வைத்தியர் கையில் இருக்கிறது. சாவி வைத்திருப்பவர் முகம் சுளித்தால், சட்டப் புத்தகத்தில் கதவு எவ்வளவு அகலமாகத் திறந்திருந்தும் அதனால் ஆவதென்ன?

அந்த வாசலில் நடப்பதைக் கேளுங்கள். தாலி கழுத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். ‘அவர் வரவில்லையா?’ என்பார்கள். இரண்டு குழந்தை உள்ளவளானால், குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனுக்குச் சம்மதித்தால்தான் மேற்கொண்டு பேச்சு என்பதும் உண்டு. குழந்தை இல்லாதவளானால், ‘முதல் கர்ப்பத்தைக் கலைத்தால் பிறகு தங்காது’ என்று பயமுறுத்துவதும் உண்டு. சரியாகக் கவனித்துச் செய்யப்பட்ட ஒரு மருந்துக் கருக்கலைப்பினால் பின்னால் கருத்தரிப்பது கெடுவதில்லை என்பதை அறிந்தவர்களே இப்படிச் சொல்லும்போது, அதை உபதேசம் என்பதா, பொய் என்பதா? இத்தனை கேள்விகளையும் விழுங்குவதைவிட, எத்தனை நாள் என்பதற்குமேல் கேளாத கடையில் ஒரு மாத்திரையை வாங்கி விழுங்கிவிடலாம் என்று அவள் தீர்மானிப்பதில் ஆச்சரியம் ஏதுமில்லை.

மருந்தோ, தன்னளவில், நல்ல மருந்து. கர்ப்பத்தைத் தாங்கி நிறுத்தும் புரோஜெஸ்டிரோன் என்னும் சுரப்பின் வேலையை முதல் மாத்திரை தடுக்கிறது. ஒன்றிரண்டு நாள் கழித்துப் பிரயோகிக்கும் இரண்டாவது மருந்து கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்து, உள்ளிருப்பதை வெளியேற்றுகிறது. இந்த இரண்டாவது மருந்து வயிற்றுப் புண்ணுக்கென்று செய்யப்பட்டது என்பதும், இதன் வேறொரு குணத்தை 1980களில் பிரேசில் தேசத்துப் பெண்கள் தாங்களாகவே அறிந்து வாய்வழியாகப் பரப்பினார்கள் என்பதும் வைத்திய சரித்திரத்தின் விசித்திரங்களுள் ஒன்று. ஒன்பது வாரத்துக்குள், முறைப்படி உபயோகித்தால், நூற்றில் சுமார் தொண்ணூற்றைந்து பேருக்குக் கத்தியின்றி, மயக்கமருந்தின்றிக் காரியம் முடிந்துவிடுகிறது. இதற்காக ஆபரேஷன் தியேட்டர் வேண்டுமென்பதும் இல்லை. பயிற்சியுள்ள வைத்தியர், அவசரத்துக்கு ஓர் அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரியை அணுகும் வசதி இருந்தால், தம் கிளினிக்கிலேயே கொடுக்கலாம்.

வைத்தியரின் கண் எதற்கு வேண்டும் என்றால், மாத்திரைக்குக் கண் இல்லை என்பதற்காகத்தான். கரு கர்ப்பப்பையில் தங்காமல் குழாயில் தங்கியிருந்தால், இந்த மாத்திரை அதைத் தொடாது; ஆனால் உதிரப்போக்கைக் கண்டவள் ‘கலைந்துவிட்டது’ என்று நிம்மதியடைந்திருக்க, உள்ளே குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்தாகிவிடக்கூடும். தமிழ்நாட்டில் பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஏற்கெனவே வெளுத்துப்போயிருக்கும் ஓர் உடம்பு சில நாள் உதிரப்போக்கைத் தாங்குமா என்று விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பாராமற்போனால் எப்படித் தெரியும்? காப்பர்-டி உள்ளே இருக்கிறதா, ரத்தம் உறையாமைக்கு மருந்து சாப்பிடுகிறாளா, நெடுநாள் ஸ்டீராய்டு உண்டா என்று இன்னும் சில கேள்விகள். பெரிய துணிப்பட்டை மணிக்கு இரண்டு வீதம் இரண்டு மணிநேரம் தொடர்ந்து நனைந்தால் காத்திராமல் ஓடிவரவேண்டும் என்று சொல்லிவைக்க ஒருவர். பதினைந்து நாள் கழித்து முழுவதும் வெளியேறிவிட்டதா என்று பார்க்க ஒருவர். இவ்வளவுதான் காரியம். இவற்றில் ஒன்றுக்கேனும் தாலியைப் பார்க்கவேண்டிய அவசியம் இருக்கிறதா?

பெண்சிசுக்கொலையின் பழி சுமந்த உசிலம்பட்டியையும், 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் பிறந்த சேலத்தையும் உடைய இந்த மாநிலத்தில், கருக்கலைப்பு என்றதுமே பெண்கரு அழிப்பு என்று அதிகாரிகள் துணுக்குறுவது இயல்புதான். அந்தத் துணுக்கத்தின் விளைவாக மருந்துக்கடைகளின் மேல் கெடுபிடி இறுகி, பல கடைக்காரர்கள் ‘நமக்கேன் வம்பு’ என்று இந்த மாத்திரையை வாங்கிவைப்பதையே விட்டுவிட்டார்கள்; வைத்திருப்பவரோ அதை மேசைக்குக் கீழே வைத்து, வாய்க்கு வந்த விலை சொல்லுகிறார். ஆனால் ஒன்பது வாரத்துக்குள் கொடுக்கும் மருந்து இது. அந்தப் பருவத்தில் ஆணா பெண்ணா என்று ஸ்கேன் கருவியால் நிச்சயித்துச் சொல்ல இயலாது. பாலினத் தேர்வைத் தடுக்க 1994ஆம் ஆண்டுச் சட்டம் தனியே இருக்கிறது. அதன் கோபத்தை இந்த மாத்திரையின் மேல் காட்டுவது, திருடன் மேற்கே ஓடக் கிழக்கே போகிறவனைப் பிடித்து உதைப்பது போன்றது. சீக்கிரமே கிடைக்கவேண்டியது கிடைக்காமற்போய், கர்ப்பம் பன்னிரண்டு வாரம், பதினைந்து வாரம் என்று வளர்ந்தபின் அபாயமும் செலவும் கூடுகின்றனவே தவிர, யாரும் காப்பாற்றப்படுவதில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த மாத்திரையும், இதைக் கொடுக்கத் தெரிந்த ஒரு டாக்டரும் வாரத்தில் எல்லா நாளும் இருக்கவேண்டும் என்பதே என் வாதம். அடுத்த மாதவிடாய்க்கு முன்பே, பத்து நாளிலேகூட, மறுபடி கருத்தரிக்கக்கூடும் என்பதைச் சொல்லி, அவள் விரும்பினால் அங்கேயே இலவசமாகக் கிடைக்கும் கருத்தடை மாத்திரையையோ காப்பர்-டியையோ கொடுக்கட்டும். விரும்பாவிட்டால் நிர்ப்பந்தம் கூடாது.

இன்னொன்று. இச்சட்டத்தின் கீழான விதிகள் வெகு நாசூக்காக ஒரு காரியம் செய்திருக்கின்றன. கருக்கலைப்புக்கு வரும் பெண்ணின் பெயர் ஒரேயொரு ரகசியப் பதிவேட்டில் மட்டுமே இருக்கவேண்டும். மற்ற எல்லாக் காகிதங்களிலும் அவள் ஒரு வரிசை எண் மாத்திரமே. அவள் பெயரை உரிமையற்றவருக்கு வெளியிட்டால் வைத்தியருக்கே ஓராண்டுவரை சிறை. பதிவேட்டைப் பூட்டிவைக்கும் ஆஸ்பத்திரியின் தாழ்வாரத்தில், நாற்பது பேர் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, அவள் பெயரை உரக்கக் கூவி, ‘அந்தக் கலைப்புக் கேஸ் யாரம்மா?’ என்று கேட்கிறார்கள். அந்தக் குரலைக் கேட்டு எழுந்து நிற்பதா, எழுந்து வெளியே போய்விடுவதா என்று ஒரு கணம் யோசித்தபடி அவள் சேலைத் தலைப்பை முகத்துக்கு இழுத்துக்கொள்கிறாள். ஆஸ்பத்திரிக் கேட்டுக்கு எதிரேயே ஒரு மருந்துக்கடை திறந்திருக்கிறது.